கைப்பிடி வர மறுக்கிறது

மார்ச் 4

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

நீங்கள் நலமாக இருப்பது புகைப்படத்திலேயே தெரிகிறது. ஆகவே அதைக் கேட்டு இடத்தை அடைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் என் மருமகள், அதாவது உங்கள் மகள், கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். உங்கள் முலாம் பட்டறையை நீங்கள் நடத்தத் தொடங்கி இருபத்தைந்து வருடம் நிறைந்த அன்று எடுத்ததாம். நடுவில் நீங்கள். இரண்டு பக்கமும் உங்கள் ஆட்கள் ஏழு பேர். உங்கள் இடது தோளுக்குப் பின்னால் ஒரு வேனின் வலது பின்விளக்கு. வளையத்தோடு!

அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டேன். என் வேனின் அதே ரகம், அதே வருடம். என் வேனுக்கு நாற்பத்தெட்டு வயது. தயாரித்த ஆலையை மூடி முப்பது வருடம் ஆகிறது.

புதிய விதி ஒன்று வந்திருப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாற்பது வயது தாண்டிய வண்டிகள் மே 31-ஆம் தேதிக்குள் ‘அசல் வாகனம்’ என்று சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் நசுக்கும் இயந்திரம். சான்றிதழுக்கு நிபந்தனை இரண்டு. வெளியில் தெரியும் பாகம் ஒவ்வொன்றிலும் ஆலையின் முத்திரையான ஆறுமுனை நட்சத்திரம் இருக்க வேண்டும். அதே ஆலையின் எஞ்சினில் வண்டி நூறு அடி ஓட வேண்டும். (விதிப் புத்தகத்தில் நாலு எழுத்துப் பிழை. திருத்தி அனுப்பினேன். ‘நண்றி’ என்று பதில் வந்தது.)

என் எஞ்சின் நன்றாக ஓடுகிறது. கண்ணாடி, மூடி, கைப்பிடி எல்லாவற்றிலும் நட்சத்திரம் இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று, வலது பின்விளக்கின் வளையம். ஆறு வருடமாக அதைத் தேடுகிறேன். அது உங்கள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

கழற்றி அனுப்ப முடியுமா?

உங்கள் சம்பந்தி


மார்ச் 10

சம்பந்தி அவர்களுக்கு,

மூன்று வருடம் கழித்து உங்களிடமிருந்து கடிதம். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிப்போய்ப் பிரித்தேன். விளக்கு சௌக்கியமாம். சந்தோஷம்.

கல்யாணத்தன்று இனி உங்களோடு பேசமாட்டேன் என்று சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால்தான் இந்தப் பதில்.

அந்தப் படத்தில் நானும் இருக்கிறேன் என்பதை நீங்கள் கவனித்ததற்கு நன்றி. விளக்கு எந்தப் பக்கம் என்று சொல்ல என் தோள் தேவைப்பட்டிருக்கிறது.

அது வேன் இல்லை, எங்கள் சாப்பாட்டு அறை. வீட்டுக்காரர் போன பிறகு பட்டறையை நான் எடுத்து நடத்தத் தொடங்கிய வருடத்திலிருந்து அது அங்கே நிற்கிறது. உள்ளே பெஞ்சு போட்டிருக்கிறோம். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர்ப் பானை இருக்கிறது. தண்ணீர் நல்ல குளிர்ச்சி.

வளையத்தைத் தருவது இருக்கட்டும். நான் ஒன்று கேட்கிறேன். கல்யாணம் முடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கை கழுவும் இடத்தில் உங்கள் தம்பி உங்களைக் கேட்டார்: “எப்படிண்ணே பொண்ணு வீட்டுக்காரங்க?” நீங்கள் வாயைத் துடைத்துக்கொண்டே ஒரே வார்த்தையில் பதில் சொன்னீர்கள்: “அசல்.” தூணுக்கு அந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன். சொந்தத்தில் எடுக்காமல் அசலில் பெண் எடுத்துவிட்டோம் என்று உங்களுக்கு அவ்வளவு கசப்பு இருந்தால் நிச்சயம் பண்ணுவதற்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாமே? என் பெண்ணும் நானும் உங்களுக்கு அசலார்தான் என்றால், அசலார் வீட்டு விளக்கு மட்டும் எதற்கு?

முலாம்காரி


மார்ச் 15

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் முகத்தில் ஈயாடவில்லை. என் மனைவி வாங்கிப் படித்தாள். “மூணு வருஷமா அந்தம்மா ஏன் பேசலைன்னு நான் மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டிருக்கேன். ஊர்ல இருக்கிற புத்தகத்துக்கெல்லாம் தப்பு பார்த்தீங்களே, உங்க வாய்க்கு யார் பார்க்கிறது?” என்று கேட்டாள். உடனே பேனாவை எடுத்தேன். உங்களுக்கே சொல்லிப் பார்க்கிறேன்.

முப்பத்தாறு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தினேன். என் மேசையில் இரண்டே பொருள் இருக்கும். இடது பக்கம் ஆசிரியர் கைப்பட எழுதியது. அதற்குப் பெயர் அசல். வலது பக்கம் அச்சில் ஓடி வந்தது. உலகத்தில் இருக்கிற தப்பு எல்லாம் வலது பக்கம்தான் இருக்கும். சந்தேகம் வந்தால் இடது பக்கம் திரும்புவேன். ஓய்வு பெற்று வேனைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கிய பிறகும் அந்தச் சொல் என்னை விடவில்லை. வேன்காரர்கள் கூடுகிற இடத்தில் ஒருவர் ஒரு திருகாணியைக் கையில் வாங்கிப் பார்த்து “அசல்” என்று சொல்லிவிட்டால், சுற்றி இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

அன்று உங்களையும் உங்கள் மகளையும் பார்த்தேன். பூச்சு இல்லை, பாசாங்கு இல்லை. என்னிடம் இருந்ததிலேயே பெரிய சொல்லை எடுத்துச் சொன்னேன். அதற்கு ‘அந்நியர்’ என்றும் பொருள் இருப்பது எனக்குத் தெரியாததல்ல. அகராதிக்கே பிழை திருத்தியவன் நான். வாயிலிருந்து வருகிற சொல்லுக்கு மட்டும் மெய்ப்புப் பார்க்க வழியில்லை.

பாராட்டியதற்கு மன்னிப்புக் கேட்பது எப்படி என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

வளையத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை என்பதைக் கவனிக்கவும்.

உங்கள் சம்பந்தி


மார்ச் 23

சம்பந்தி அவர்களுக்கு,

கவனித்தேன். அந்த வரியிலேயே எழுதிவிட்டதையும் கவனித்தேன்.

முலாம் பூசிப் பிழைக்கிறவளைப் பார்த்துப் பூச்சு இல்லாதவள் என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்தான். இரண்டு நாள் யோசித்தேன். சரி, பாராட்டு என்றே வைத்துக்கொள்கிறேன். சபதம் சபதம்தான், பேச மாட்டேன். கோபம் மட்டும் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் மேஸ்திரியிடம் ஸ்பானர் கொடுத்தேன். நாலு திருகாணி. மூன்று வந்தது, நாலாவது அடம் பிடித்தது. எண்ணெய் விட்டுக் காத்திருந்தோம். வந்துவிட்டது! மேஸ்திரி வளையத்தைத் திருப்பிப் பார்த்து, “அம்மா, உள்ளே ஏதோ பூ போட்டிருக்கு” என்றார். பூ இல்லை, உங்கள் நட்சத்திரம்தான். இருபத்தைந்து வருடம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம்.

அவ்வளவுதான், ஏழு பேருக்கும் பித்துப் பிடித்துவிட்டது. ஒருவர் வண்டிக்கு அடியில், ஒருவர் கூரைமேல். “இங்கே ஒண்ணு!” “அம்மா, கண்ணாடிக்குப் பின்னாடி ஒண்ணு!” என்று ஒரே கூச்சல். மொத்தம் முப்பத்தொரு நட்சத்திரம். அன்றைக்கு முலாம் தொட்டியில் ஒரு சாமான்கூட இறங்கவில்லை. டாஷ்போர்டுக்குள் பழைய பதிவுச் சீட்டுகூட மடித்த மடிப்போடு கிடக்கிறது.

ஒரு சந்தேகம். எங்கள் சாப்பாட்டு அறைக்கும் நாலு சக்கரம் இருக்கிறது. அதையும் நசுக்குவார்களா?

எப்படியும் ஓடாத வண்டி. அதற்கு வளையம் எதற்கு? பார்சலில் அனுப்பிவிட்டேன். வேறு எது மங்கியிருந்தாலும் அனுப்புங்கள், கண்ணாடி மாதிரி ஆக்கித் தருகிறேன்.

முலாம்காரி


ஏப்ரல் 1

சம்பந்தி அம்மா!

உட்கார்ந்துவிட்டது! வைத்தேன், லேசாக அழுத்தினேன், ‘டக்’ என்று ஒரு சத்தம். ஆறு வருடமாக அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்துகொண்டிருந்தேன். கற்பனையைவிடச் சின்னச் சத்தம்தான். ஆனால் அசல். (இந்தச் சொல்லை இனிமேல் உங்களிடம் பொருள் சொல்லியே பயன்படுத்துவேன். இங்கே முதல் பொருள்.)

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “வளையம்தானே” என்றாள். பிறகு நான் பார்க்காத நேரத்தில் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

உங்கள் சந்தேகத்துக்குப் பதில்: நசுக்குவார்கள். சக்கரம் இருந்தால் வண்டி என்பது விதி. வருத்தமாக இருக்கிறது.

ஆசை யாரை விட்டது? புது வளையத்தின் பளபளப்புக்குப் பக்கத்தில் ஓட்டுநர் கதவின் கைப்பிடி மங்கலாகத் தெரிகிறது. கழற்றி அனுப்பியிருக்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்பதைப் படம் போட்டு, எங்கள் தொழில் குறிகளோடு விளக்கமாக வைத்திருக்கிறேன். உள்பக்கம் நட்சத்திரம் இருக்கிறது. படத்தில் அதன் அடியில் வரிசையாகப் புள்ளி வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 17

சம்பந்தி அவர்களுக்கு,

இத்தனை வருடத்தில் இப்படி ஒரு வேலை என் கையிலிருந்து போனதில்லை. கைப்பிடியில் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு தலை வாரலாம்.

உங்கள் படம் மிகத் தெளிவு. மேஸ்திரியே, “படம் போட்டவரு நம்ம தொழில் தெரிஞ்சவரும்மா” என்றார். வெளிப்பக்கம் சாதாரண பாலிஷ்தான். உள்பக்கம்தான் பாடு. நீங்கள் புள்ளி வைத்திருந்த இடம் முழுக்க மேடு. சக்கரத்தில் கொடுத்து மூன்று தடவை தேய்த்தோம். இப்போது கையால் தடவினால் வெண்ணெய். ஒரு சுவடு இல்லை.

பார்சல் இன்று கிளம்புகிறது.

முலாம்காரி


ஏப்ரல் 22

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

கைப்பிடி வந்தது. உள்பக்கம் தடவிப் பார்த்தேன். வெண்ணெய்தான்.

பிழை திருத்துபவன் ஒரு சொல்லின் அடியில் வரிசையாகப் புள்ளி வைத்தால் ‘இதைத் தொடாதே, அப்படியே இருக்கட்டும்’ என்று அர்த்தம்.

இன்னும் முப்பத்தொன்பது நாள்.

உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 28

சம்பந்தி அவர்களுக்கு,

முலாம் பட்டறையில் சாக்பீஸால் புள்ளி வைத்தால் ‘இங்கே அரித்திருக்கிறது, தேய்த்து எடு’ என்று அர்த்தம். எந்த ஊரில் எந்தப் பட்டறையில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். “தொடாதே” என்று மூன்று எழுத்தில் எழுத வேண்டியதை, முப்பத்தாறு வருடம் எழுத்தோடு குடித்தனம் நடத்தியவர் புள்ளி வைத்துச் சொல்லியிருக்கிறீர்கள். நானும் ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். நட்சத்திரத்தை எண்ணிக் கூத்தாடியவள் நான். கையில் வேலை வந்ததும் கண்ணுக்கு மேடு பள்ளம் மட்டும்தான் தெரிந்தது. மேஸ்திரி அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. நானும்தான்.

புலம்பி என்ன பயன்? எங்கள் வேனிலும் அதே கதவு, அதே கைப்பிடி, உள்ளே அதே நட்சத்திரம். கழற்றி அனுப்பிவிடலாம் என்று போனேன்.

கைப்பிடி வர மறுக்கிறது. திருகாணி கதவோடு ஒட்டி ஒரே இரும்பாகிவிட்டது. எண்ணெய் விட்டுப் பார்த்தாயிற்று. சூடு காட்டிப் பார்த்தாயிற்று. மேஸ்திரி கெஞ்சிப் பார்த்தார். கதவோடு அனுப்பலாம் என்றால் கீல் திருகாணிகளும் அப்படியே ஒட்டிக் கிடக்கின்றன. இன்னும் ஒரு சுற்று பலமாகக் கொடுத்தால் நட்சத்திரத்துக்குக் குறுக்கே விரிசல் விழும். இது உலோகம் தெரிந்தவள் சொல்வது. அதனால் கையை எடுத்துவிட்டேன். உங்கள் சாமானைக் கெடுத்தேன், இதையும் கெடுக்க மாட்டேன்.

என்ன செய்யட்டும், சொல்லுங்கள். இந்தத் தடவை எழுத்தில்.

முலாம்காரி


மே 3

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

எழுத்திலேயே சொல்கிறேன். கைப்பிடி வேனுக்கு வராது என்றால் வேன் கைப்பிடிக்கு வரட்டும்.

முந்தாநாள் சவரம் செய்துகொண்டிருக்கும்போது தோன்றியது. பாதி முகத்தோடு வெளியே ஓடிவந்து வேனைப் பார்த்தேன். என் வேனில் எஞ்சின் இருக்கிறது. உங்கள் வேனில் வேன் இருக்கிறது! என்னிடம் இருக்கும் வளையத்தையும் எஞ்சினையும் கொண்டுவந்து மாட்டினால், உங்கள் சாப்பாட்டு அறை முப்பத்தொரு நட்சத்திரத்தோடு நூறு அடி ஓடும். ஒரு தப்பும் இருக்காது.

என் வேன் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். இரண்டு பிரதி இருந்தால் பிழை குறைவானதுதான் அச்சுக்குப் போக வேண்டும். இதை முப்பத்தாறு வருடம் மற்றவர்களுக்குச் சொன்னேன். எத்தனையோ ஆசிரியர்கள் என்னைத் திட்டியிருக்கிறார்கள். இப்போது அவர்கள் எல்லோருக்கும் ஒரு கடிதம் போடலாம் போல இருக்கிறது.

மனைவியிடம் சொன்னேன். “எஞ்சினை எடுத்துட்டா மீதியை என்ன பண்றது, துணி காயப்போடவா?” என்றாள். நான் ஸ்பானரைத் தேடப் போனேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே, “அங்கே போய் அந்தம்மா கிட்ட வாயை மட்டும் திறக்காதீங்க” என்று சொல்லிவிட்டு என் பெட்டியை எடுத்து வைத்தாள்.

பன்னிரண்டாம் தேதி எஞ்சினோடு லாரியில் வருகிறேன். தண்ணீர்ப் பானையை எடுத்து வைக்கவும்.

உங்கள் சம்பந்தி


மே 31

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

நேற்று உங்கள் முற்றத்தில் பரிசோதனை நடந்திருக்கும். என்ன ஆயிற்று என்று தெரியாமல் இங்கே இருப்புக் கொள்ளவில்லை. உடனே எழுதவும். மற்றவற்றை விடுங்கள், நூறு அடி ஓடியதா என்று ஒரு வரி போதும்.

நானும் கூட இருந்திருக்க வேண்டும். ஆனால் எஞ்சின் இல்லாத கூட்டை நசுக்குமிடத்தில் உரிமையாளரே நின்று ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. பயணமே இரண்டு நாள், என்ன செய்வது?

பதினைந்து நாள் ஒரே வேனுக்குள் உட்கார்ந்து வேலை செய்தோம். ‘மேஸ்திரி, சம்பந்தியைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லு’ என்று மூன்றடி தூரத்திலிருந்து நீங்கள் சொன்னதும், ‘ஐயா, அம்மா உங்களைத் தள்ளி உட்காரச் சொல்றாங்க’ என்று அவர் எனக்கு மொழிபெயர்த்ததும் நினைவில் இருக்கிறது. நாலாவது நாளிலிருந்து அவர் நீங்கள் சொல்லாததையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கிவிட்டார் என்று எனக்குச் சந்தேகம். ‘அம்மா டீ குடிக்கச் சொல்றாங்க’ என்று ஒரு நாளைக்கு ஆறு தடவை சொல்லியிருக்க மாட்டீர்கள்.

எஞ்சின் பிடித்துக்கொண்ட அந்த நிமிஷம்! ஏழு பேரும் கத்தினார்கள். தகரம் எல்லாம் நடுங்கியது. பயந்துபோய் நான் சாவியில் கை வைத்தேன். “ஐயோ, அணைக்காதீங்க!” என்று நேராக என்னைப் பார்த்துக் கத்தினீர்கள். கத்திய பிறகுதான் உங்களுக்கே தெரிந்தது. மேஸ்திரி, “ஐயா, அம்மா அணைக்க வேண்டாம்னு…” என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இன்று காலை பத்து மணிக்கு ஒப்படைத்தேன். இயந்திரத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கூரை முதலில் போயிற்று. எதிர்பார்த்ததைவிடச் சத்தம் குறைவு. ரசீது கொடுத்தார்கள். அதில் ‘வாகணம்’ என்று மூன்று சுழி போட்டிருந்தார்கள். நான் திருத்தவில்லை.

வீட்டு வாசலில் வேன் நின்ற இடம் மட்டும் நீளச்சதுரமாக வெளுத்திருக்கிறது. மனைவி இரண்டு தடவை பெருக்கிவிட்டாள். அங்கே ஒரு குப்பையும் இல்லை.

எழுதுங்கள்.

உங்கள் சம்பந்தி


ஜூன் 1, நெடுஞ்சாலை ஓரம், டீக்கடை பெஞ்சு

சம்பந்தி அவர்களுக்கு,

இந்தக் கடிதம் எனக்குப் பின்னால்தான் வந்து சேரும். இருந்தாலும் உங்களுக்கு எழுத்தில் இருந்தால்தான் திருப்தி என்று தெரிந்துகொண்டேன். அதனால் எழுதுகிறேன்.

பரிசோதகர் முந்தாநாள் காலை வந்தார். கையில் பட்டியல், காதில் பென்சில். ஒவ்வொரு நட்சத்திரமாகத் தேடினார். முப்பதாவதற்குப் பிறகு நின்று, “ஒண்ணு குறையுதேம்மா” என்றார். மேஸ்திரி கதவைத் திறந்து, “இதோ சார், கைப்பிடிக்கு உள்ளே” என்றார். பரிசோதகர் அதைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். “என்ன இது, அசையவே மாட்டேங்குது?” “நானே கெஞ்சிப் பார்த்துட்டேன் சார், அசையாது” என்றார் மேஸ்திரி. டிக் போட்டார்!

பிறகு நூறு அடி. நான்தான் ஓட்டினேன். சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். கோட்டைத் தாண்டியதும் நிறுத்த வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. கேட்டைத் தாண்டி, தெருவைச் சுற்றி, பரிசோதகர் பக்கத்தில் உட்கார்ந்து “அம்மா, போதும்மா, பாஸ்மா!” என்று கத்தக் கத்த இரண்டு தடவை வலம் வந்தேன். திரும்பி வந்து இறங்கியபோது அவருக்கும் சிரிப்பு.

சான்றிதழ் கையில் இருக்கிறது. அசல் வாகனம். எந்தச் சாலையிலும் போகலாமாம். உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதிவிட்டேன். அரசாங்கத் தாள், அடித்துத் திருத்த முடியாது. பட்டறையில் சாப்பிட ஒரு கொட்டகை போட்டுக்கொள்வோம்.

நேற்று காலை கிளம்பினோம். மணிக்கு முப்பத்தைந்துக்கு மேல் போக மனசில்லை. வழியில் லாரிக்காரர்கள்கூட ஹாரன் அடித்துக் கையசைக்கிறார்கள். மேஸ்திரியை மட்டும் ஏற்றிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். “சாப்பாட்டு ரூம் போற இடத்துக்குத்தானே நாங்களும் போகணும்” என்று ஏழு பேரும் ஏறி அவரவர் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

நாளை மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவோம். எட்டுப் பேர். எல்லோரும் வேனுக்குள்ளேயே சாப்பிட்டுப் பழகியவர்கள். வாசலில் நிறுத்த இடம் இருந்தால் போதும்.

முலாம்காரி